கைபேசிக்கு இரண்டாவது ஸ்பீக்கர் எதற்கு?

கைபேசியை நிமிர்த்திப் பிடித்திருக்கும்போது அதில் ஸ்டீரியோ கிடையாது. பெட்டியின் மேல் எப்படி அச்சடித்திருந்தாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் இதுதான் நிலை. நம் காதுகள் தலைக்கு இடமும் வலமுமாக இருக்கின்றன. நிமிர்ந்த கைபேசியின் ஸ்பீக்கர்களோ மேலும் கீழுமாக இருக்கின்றன. மேல் ஸ்பீக்கரின் ஒலி இரண்டு காதுகளுக்கும் ஒரே தொலைவு கடந்து வருகிறது. கீழ் ஸ்பீக்கரின் ஒலியும் அப்படியே. இது இடப்பக்கத்து வயலின், அது வலப்பக்கத்துக் கிதார் என்று பிரித்துவைக்க மூளைக்கு எந்தத் துப்பும் கிடைப்பதில்லை. ரீல்ஸ், ஷார்ட்ஸ், வாட்ஸ்அப்பில் வந்து விழும் வீடியோக்கள், பேரப்பிள்ளைகளோடு பேசும் வீடியோ அழைப்பு என்று நாம் இன்று பார்ப்பவற்றில் பெரும்பகுதி நிமிர்ந்த திரையில்தான் ஓடுகிறது.

அப்படியானால் இரண்டாவது ஸ்பீக்கருக்குக் கொடுத்த காசு வீணா? வீணில்லை என்பதே என் முடிவு. ஆனால் அது தரும் நன்மைகளில் பெரும்பாலானவற்றுக்கும் திசைக்கும் தொடர்பில்லை. விளம்பரம் ஒன்றைச் சொல்கிறது, கருவி வேறொன்றைத் தருகிறது, தருவது நல்லதுதான். எது கிடைக்கிறது, எது கிடைப்பதில்லை என்று தெரிந்து வாங்க வேண்டுமானால் கொஞ்சம் காதைப் பற்றியும் கொஞ்சம் காற்றைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை நாம் அறியும் விதத்தை 1907 இல் எழுதிய ஒரு கட்டுரையில் தெளிவாக்கியவர் இயற்பியலாளர் ரேலே பிரபு. வலப்பக்கத்தில் எழும் ஒலி வலக்காதை முதலில் எட்டுகிறது. இடக்காதைத் தலையைச் சுற்றிக்கொண்டு பிந்தி எட்டுகிறது. நேர் பக்கவாட்டிலிருந்து வரும் ஒலிக்கு இந்தப் பிந்தல் ஏறத்தாழ 0.65 மில்லிவினாடி. உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளுக்குத் தலையே ஒரு மறைப்பு, எனவே அவை தொலைவிலுள்ள காதில் மெலிந்து கேட்கின்றன. தாழ்ந்த ஒலிகளுக்கு நேர வேறுபாடு, உயர்ந்த ஒலிகளுக்கு அளவு வேறுபாடு. இவ்விரண்டையும் கொண்டுதான் மூளை திசையைக் கணிக்கிறது. அந்தக் கணிப்பு எவ்வளவு நுட்பமானது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. இரு காதுகளுக்கு இடையே ஒரு வினாடியின் லட்சத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தாலே கவனமாகக் கேட்பவர் அதை உணர்ந்துவிடுவார். முகத்துக்கு நேர் எதிரே ஒலி ஒரு பாகை நகர்ந்தால்கூடத் தெரியும்.

இந்தத் திறனைப் பயன்படுத்தி, இரண்டே ஸ்பீக்கர்களைக் கொண்டு ஒரு மேடை முழுவதையும் காதுக்குக் காட்ட முடியும் என்று விரிவாக வகுத்தவர் ஆலன் ப்ளும்லைன். லண்டனுக்கு மேற்கே ஹேய்ஸ் என்ற ஊரில் இருந்த இ.எம்.ஐ. நிறுவன ஆய்வகத்தின் பொறியாளர். 1931 டிசம்பர் 14 அன்று இதற்கான காப்புரிமை விண்ணப்பத்தை அளித்தபோது அவருக்கு வயது 28. திரையரங்கில் நடிகர் ஒரு பக்கம் நிற்க அவர் குரல் வேறொரு பக்கமிருந்து வருவதைக் கண்டு எழுந்த யோசனை அது என்று சொல்வார்கள். 1935 இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் எடுத்த சோதனைப் படங்கள் இன்றும் இருக்கின்றன. ஒன்றில் ஹேய்ஸ் நிலையத்தை ரயில்கள் கடந்து செல்கின்றன; ஒலியும் கூடவே திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகிறது. ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்தது 1958 இல்தான். அதைக் காண அவர் இல்லை. 1942 ஜூனில் ராடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து நொறுங்கியதில் 38 வயதில் இறந்துபோனார்.

ப்ளும்லைன் அக்கறை கொண்டது திரையின் மேல் என்பதால், கைபேசிக்கு அவர் முறையைப் பொருத்திப் பார்ப்பது நியாயமானது. வீட்டில் ஸ்டீரியோ கேட்பதற்குப் பரிந்துரைக்கப்படும் அமைப்பு ஒரு சமபக்க முக்கோணம்: இரண்டு ஸ்பீக்கர்கள் இரு முனைகளில், கேட்பவர் மூன்றாவது முனையில். அப்போது இரண்டு ஸ்பீக்கர்களும் அவர் கண்ணெதிரே 60 பாகைக் கோணத்தை அடைத்து நிற்கும். இப்போது 15 சென்டிமீட்டர் நீளமுள்ள கைபேசியைக் கிடையாகத் திருப்பி 35 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். அடைபடும் கோணம் 24 பாகைதான். சமபக்க முக்கோணத்தில் ஒரு ஓரத்து ஸ்பீக்கரின் ஒலி இரு காதுகளையும் எட்டுவதற்கு இடையே சுமார் 0.26 மில்லிவினாடி வேறுபாடு இருக்கும். கைபேசியில் அது 0.1 மில்லிவினாடியாகச் சுருங்குகிறது. சுருங்கினாலும் காது உணரக்கூடிய எல்லையைவிட இது பத்து மடங்கு. ஆகவே கிடையாகப் பிடித்த கைபேசியில் இடமும் வலமும் உண்மையாகவே பிரிந்து கேட்கும். மேடை குறுகியது, அவ்வளவுதான். பார்க்கும் படமும் அதே 24 பாகைக்குள் அடங்குவதால் படத்துக்கு அந்தக் குறுகிய மேடை பொருந்தியும் போகிறது. படம் இல்லாமல் பாட்டு மட்டும் கேட்கும்போதுதான் அதன் குறுகல் உறுத்துகிறது.

ஒற்றை ஸ்பீக்கர் கைபேசியைக் கிடையாகப் பிடித்தால் ஒலி முழுவதும் ஒரு ஓரத்திலிருந்தே வரும், திரையின் நடுவிலிருந்து 12 பாகை தள்ளி. பேச்சுக் காட்சிகளில் இது பெரிதாகத் தெரிவதில்லை. அசையும் உதட்டைக் கண் பார்த்தால், குரலும் அந்த உதட்டிலிருந்தே வருவதாக மூளை ஒட்டிவைத்துக்கொள்கிறது. பொம்மையை மடியில் வைத்துப் பேசவைக்கும் கலைஞர்கள் காலங்காலமாக நம்பியிருப்பது இந்த ஒட்டுதலைத்தான். செய்தியும் நாடகமும் மட்டும் பார்ப்பவருக்கு இதனால் ஒற்றை ஸ்பீக்கரே போதும் என்று தோன்றுவதில் தவறில்லை. இசைக்கு அப்படி ஒட்டிக்கொள்ள உதடு கிடையாது.

இசையில் இன்னொரு இழப்பும் உண்டு. இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. 1978 இல் வெளியான 'ப்ரியா' படப் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. அதிலிருந்து இன்றுவரை திரைப்பாடல்களில் பாடகர் குரல் நடுவில், வயலின்கள் ஒரு பக்கம், கிதார் மறுபக்கம் என்று இடம் பிரித்து வைப்பது ஒலிப்பதிவாளரின் முக்கியமான வேலை. ஒற்றை ஸ்பீக்கர் கைபேசி இடது தடத்தையும் வலது தடத்தையும் கூட்டி ஒன்றாக்குகிறது. நடுவில் உள்ள குரல் இரண்டு தடங்களிலும் இருப்பதால் முழு வலுவோடு நிற்கிறது. ஒரே தடத்தில் உள்ள வயலின் அந்தக் குரலோடு ஒப்பிட்டால் 6 டெசிபல் வரை பின்வாங்குகிறது. அகலமாகக் கேட்க வேண்டும் என்பதற்காக இரண்டு தடங்களிலும் எதிர்க்கட்டத்தில் வைக்கப்பட்ட ஒலிகள், அதாவது ஒன்றில் அலை ஏறும்போது மற்றொன்றில் இறங்கும்படி வைக்கப்பட்டவை, கூட்டும்போது ஒன்றையொன்று அழித்துக் காணாமலே போகின்றன. எதிரொலியின் விரிவு, பின்னணிக் கீபோர்டின் படர்வு போன்றவை முதலில் பலியாகும். பாடலைக் கலவை செய்தவர் பல மணி நேரம் உட்கார்ந்து நிறுத்தியெடுத்த அளவுகள் கேட்பவர் கையில் மாறிவிடுகின்றன. இரண்டு ஸ்பீக்கர்களும் இரண்டு தடங்களைத் தனித்தனியே ஒலித்தால், இடைவெளி எவ்வளவு சிறியதாக இருந்தாலும், எதிர்க்கட்ட ஒலிகளில் பெரும்பகுதி காற்றில் பிழைத்து வருகிறது. இசையை நேசிப்பவருக்கு இரண்டாவது ஸ்பீக்கர் வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான், திசை அல்ல.

அடுத்த காரணம் காற்று. ஸ்பீக்கரின் வேலை தன் சவ்வை அசைத்துக் காற்றைத் தள்ளுவது. எவ்வளவு தாழ்ந்த ஒலியோ அவ்வளவு அதிகமான காற்றைத் தள்ள வேண்டும். அதிர்வெண் பாதியானால், அதே ஒலி அளவுக்குச் சவ்வு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். கைபேசிக்குள் இருக்கும் சவ்வின் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர் என்றும், அது முன்னும் பின்னும் 0.4 மில்லிமீட்டர் அசையும் என்றும் வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். 1000 ஹெர்ட்ஸில் 40 சென்டிமீட்டர் தொலைவில் 82 டெசிபல் கிடைக்கும், அறையே நிறையும். 100 ஹெர்ட்ஸில் அதே சவ்வு, அதே அசைவு: 42 டெசிபல். மின்விசிறி ஓடும் அறையில் அது காதில் விழாது. கைபேசியில் பேஸ் கேட்பதில்லை என்ற குறைக்குக் காரணம் தயாரிப்பாளரின் சோம்பல் இல்லை. கைபேசி மெல்லியது, சவ்வு சிறியது, சவ்வின் பின்னால் காற்று அடைபட்டிருக்கும் அறை பெரும்பாலும் ஒரு கன சென்டிமீட்டர் அளவே. அந்த அறைக்குள் அடைபட்ட காற்று சவ்வை எதிர்த்துத் தள்ளுகிறது. சியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தின் மணிகளை அந்த அறைக்குள் நிரப்பினால் அழுத்தத்தின்போது காற்று மூலக்கூறுகளை அவை உறிஞ்சிக்கொண்டு, அறை பெரியது போல நடந்துகொள்ளும். கைபேசி ஸ்பீக்கர்களில் இந்த உத்தியைக் கையாள்கிறார்கள். சவ்வை அசைக்கும் மின்சுருளின் வெப்பத்தையும் சவ்வின் அசைவையும் நொடிக்கு நொடி கணித்து, கிழிந்துபோகாத விளிம்பு வரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்களும் உள்ளே இருக்கின்றன. இத்தனை அறிவு அந்த ஒரு கன சென்டிமீட்டரைச் சுற்றி வேலை செய்கிறது.

இதில் இரண்டாவது சவ்வு சேர்ந்தால் தள்ளப்படும் காற்று இரட்டிப்பாகும். தாழ்ந்த ஒலிகளில் இரண்டும் ஒருமித்து அசைந்தால் 6 டெசிபல் கூடுதல். மற்ற ஒலிகளில் 3 முதல் 6 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற 10 டெசிபல் தேவை என்பதால் 'இரட்டைச் சத்தம்' என்ற விளம்பரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அந்தக் கூடுதலை வேறு விதமாகவும் செலவிடலாம். ஒரே சத்தத்தை இரண்டு ஸ்பீக்கர்கள் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றும் பாதி தூரமே அசைந்தால் போதும். எல்லை வரை ஓடும் சவ்வுதான் கரகரக்கிறது; பாதியில் ஓடுவது கரகரப்பதில்லை. காது மந்தமான முதியவர்களுக்குச் சத்தத்தை ஏற்றி வைக்கும் வீடுகளில் இது சின்ன விஷயம் இல்லை. அவர்களுக்கு வேண்டியது கரகரப்பில்லாத சத்தம். ரேடியோவாகவும், தொலைக்காட்சியாகவும், பிள்ளைகளின் பாட வகுப்பாகவும் ஒரே கைபேசியை வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். அங்கே சொற்கள் தெளிவாகக் கேட்பது ஆடம்பரம் ஆகாது.

தாழ்ந்த ஒலி வெளியே வராவிட்டாலும் ஆண்குரலை நாம் ஆண்குரலாகவே கேட்கிறோமே, எப்படி? ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் 100 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை. பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தியது. அடிப்படை ஒலி மறுமுனைக்குப் போகவே இல்லை. 120 ஹெர்ட்ஸின் மடங்குகளான 360, 480, 600 போய்ச் சேர்ந்தன. இவற்றுக்கு இடையே சமமாக 120 இருப்பதைக் கண்டு மூளை அந்த இல்லாத அடித்தளத்தைத் தானே எழுப்பிக்கொள்கிறது. கைபேசிகள் இந்த இயல்பை வேண்டுமென்றே பயன்படுத்துகின்றன: தாழ்ந்த சுரத்தின் மேல்மடங்குகளைச் சற்றே ஏற்றிவிட்டால் பேஸ் இருப்பதாகக் காது நம்பும்.

மிருதங்கம் இங்கே நல்ல பாடம். தோல் வாத்தியங்களின் மேற்சுரங்கள் பொதுவாக ஒழுங்கான மடங்குகளில் அமையாதவை. மிருதங்கமும் தபலாவும் விதிவிலக்கு என்று 1920 இல் 'நேச்சர்' இதழில் எழுதினார் சி. வி. ராமன், சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து. வலந்தலையின் நடுவே பூசி இறுக்கிய கரணையின் எடை, மேற்சுரங்களை முழு எண் மடங்குகளுக்கு இழுத்து வருகிறது. அதனால்தான் கைபேசியில் கச்சேரி கேட்கும்போதும் வலந்தலையின் சொற்கள் சுருதியோடு துலங்குகின்றன. இடப்பக்கத் தொப்பியில் எழும் கும்கி என்ற ஆழ்ந்த ஒலி அப்படியில்லை. அதன் உயிர் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. ஒரு ஸ்பீக்கரிலும் சரி, இரண்டிலும் சரி, அது நம்மை வந்து சேர்வதில்லை. தனி ஆவர்த்தனத்தைக் கைபேசி ஸ்பீக்கரில் கேட்டு ஒரு வித்வானின் இடக்கையை எடைபோடுவது அவருக்குச் செய்யும் அநீதி.

ஒலியைக் கூட்டுவதற்காகக் கைபேசியைச் சொம்பிலோ டம்ளரிலோ போட்டு வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. 12 சென்டிமீட்டர் ஆழமுள்ள டம்ளரின் காற்றுத்தூண் 600, 700 ஹெர்ட்ஸ் பக்கம் ஒத்ததிர்கிறது. கைபேசி ஸ்பீக்கர் தளரத் தொடங்கும் இடமும் ஏறக்குறைய அதுதான் என்பதால் ஒலி கனத்துக் கேட்கிறது. அந்த ஒரு பகுதி மட்டும் வீங்கிப்போவதால் சொற்கள் மொத்தையாகின்றன என்பது மறுபக்கம். இரண்டு ஸ்பீக்கர் உள்ள கைபேசியை அப்படி வைத்தால் ஒரு தடம் டம்ளருக்குள்ளும் மற்றது வெளியேயும் ஒலிக்கும். அதற்குப் பதில் சுவரோரம் சாய்த்துக் கிடையாக வைப்பது மேல்.

இரண்டு ஸ்பீக்கர்கள் என்று சொல்லும்போது இரண்டும் சமம் என்று நினைத்துவிடக் கூடாது. 2013 இல் வந்த எச்டிசி ஒன் கைபேசியில் திரைக்கு மேலும் கீழுமாக, கேட்பவரைப் பார்த்தபடி இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தன. அமைப்பில் அதுவே நேர்மையானது. பிறகு திரை விரிந்து ஓரங்கள் மெலிந்தன. முன்பக்கத்தில் இடம் போனது. 2016 இன் ஐபோன் 7, 2018 இன் சாம்சங் எஸ்9 போன்றவை வேறு வழியில் போயின. அடிவிளிம்பில் பெரிய ஸ்பீக்கர் ஒன்று. காதில் வைத்துப் பேசும்போது குரல் கேட்கும் சிறிய ஸ்பீக்கரே இரண்டாவது. இன்று பெரும்பாலான கைபேசிகள் இந்த வழியில்தான். ஒன்று கீழ்நோக்கி ஒலிக்கிறது, மற்றது முகத்தை நோக்கி. ஒன்றுக்குப் பின்னறை பெரிது, மற்றதற்குச் சிறிது. தாழ்ந்த ஒலிகளைப் பெரியது தனியே சுமக்கிறது. அடிவிளிம்பில் சார்ஜர் துளைக்கு இருபுறமும் துளைவரிசைகள் இருப்பதைப் பார்த்து இரண்டும் ஸ்பீக்கர் என்று நினைப்பவர்கள் உண்டு. பல மாடல்களில் ஒன்றின் பின்னால் இருப்பது மைக்.

இந்தச் சமமின்மையோடும்கூட ஒரு நன்மை எல்லோருக்கும் கிடைக்கிறது. கிடையாகப் பிடித்து விளையாடும்போதும் படம் பார்க்கும்போதும் உள்ளங்கை அடிவிளிம்பை மூடிவிடும். ஒரே ஸ்பீக்கர் என்றால் ஒலி அங்கேயே அமுங்கிப்போகும். இரண்டு இருந்தால் ஒன்றாவது திறந்திருக்கும். நிமிர்த்திப் பிடிக்கும்போதும் இரண்டும் சேர்ந்து ஒலிப்பதால் குரல் கைபேசியின் அடியிலிருந்து வராமல் நடுவிலிருந்து, பேசுபவர் முகத்திலிருந்து வருவது போல இருக்கும்.

பெட்டிகளில் காணப்படும் டால்பி அட்மாஸ் போன்ற பெயர்களின் பின்னால் வேறொரு முயற்சி இருக்கிறது, அதில் எனக்கு மிகுந்த ஈடுபாடு உண்டு. ஸ்பீக்கரில் கேட்கும்போது இடது ஸ்பீக்கரின் ஒலி வலக்காதிலும் விழுகிறது. மேடை கைபேசியின் அகலத்தைத் தாண்டாததற்கு இந்தக் கசிவே காரணம். கசிவுக்கு நேர் எதிரான அலையை மற்ற ஸ்பீக்கரிலிருந்து அனுப்பினால் அது காதருகே அழிந்துவிடும். இயர்போனில் கேட்பது போல இரண்டு காதுகளும் பிரிந்துவிடும். 1960களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இதைச் செய்துகாட்டியவர்கள் மான்ஃப்ரெட் ஷ்ரோடரும் பிஷ்ணு அடலும். கான்பூரில் பிறந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்தவர் அடல். கைபேசியில் நாம் பேசும் குரலைச் சுருக்கி அனுப்பும் முறைகளின் வேரிலும் இதே இருவரின் 1985 ஆம் ஆண்டு ஆய்வு இருக்கிறது.

இந்தக் கசிவழிப்பு தலை சற்று நகர்ந்தாலே கலைந்துவிடும் என்பது பழைய குறை. 1998 இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஓலே கிர்க்கெபி, பிலிப் நெல்சன் ஆகியோர் ஹரியோ ஹமாடாவுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு எதிர்பாராத ஒரு விடையைத் தந்தது: ஸ்பீக்கர்களை விலக்காதீர்கள், நெருக்கி வையுங்கள். வெறும் 10 பாகைக் கோணத்துக்குள் இரண்டும் நின்றால் தலையசைவைக் கசிவழிப்பு அதிகம் தாங்குகிறது. விலையாகக் கேட்பது தாழ்ந்த ஒலிகளில் பெரும் ஆற்றலை. நெருங்கி நிற்கும் இரண்டு ஸ்பீக்கர்கள் எதிரெதிராக அசைந்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். மீதி தேற வேண்டுமானால் சவ்வு மிக அதிகமாக அசைய வேண்டும். கைபேசியின் சவ்வுக்கு அந்த வசதி இல்லை. எனவே இந்த உத்தி நடுத்தர, உயர்ந்த ஒலிகளில் மட்டும் பலிக்கும். கேட்பவர் ஒருவர், முகத்துக்கு நேரே, கை தூரத்தில் என்ற நிபந்தனையும் உண்டு. அந்த நிபந்தனையைக் கைபேசியைப் போல இயல்பாக நிறைவேற்றும் கருவி வேறு இல்லை.

கடையில் கைபேசியைக் கையில் எடுத்ததும் நன்கு பழகிய ஒரு பாட்டைப் போடுங்கள். கிடையாகத் திருப்பி, கீழ் ஸ்பீக்கரை விரலால் மூடுங்கள். குரல் தகரமாக மெலிந்துபோனால் மேல் ஸ்பீக்கர் வெறும் துணை. பிறகு மேலதை மூடுங்கள். எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்றால் அந்த இரண்டாவது ஸ்பீக்கருக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. பின்னறை பெரிதாக உள்ள ஒற்றை ஸ்பீக்கர் கைபேசி அதைவிடச் சிறந்தது. இயர்போன் இல்லாமல் கேட்பதே இல்லை என்பவர்களுக்கும் அந்தக் காசு தேவையில்லை. தடங்களை இயர்போன் பிரிப்பது போல வேறெதுவும் பிரிக்காது.

தயாரிப்பாளர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. 2015 இல் வந்த ஐபேட் ப்ரோவில் நான்கு மூலைகளிலும் ஸ்பீக்கர்கள் இருந்தன. எப்படித் திருப்பினாலும் இடம் இடமாகவும் வலம் வலமாகவும் இருந்தது. கைபேசியில் நான்குக்கு இடமில்லை, சரி. ஆனால் மைக்கை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, சார்ஜர் துளையின் இருபுறத்திலும் இரண்டு சிறிய ஸ்பீக்கர்களை வைக்கலாம். கைபேசியின் அகலம் ஏழரை சென்டிமீட்டர். ஸ்பீக்கர்களை இரு மூலைகளுக்கும் தள்ளிவைத்தால், 35 சென்டிமீட்டர் தொலைவில் அவை அடைக்கும் கோணம் 12 பாகை: சவுதாம்ப்டன் ஆய்வாளர்கள் கேட்ட பத்துக்கு மிக அருகில். ஓரத்து ஒலியின் நேர வேறுபாடு 0.05 மில்லிவினாடி; காது உணரும் எல்லைக்கு மேலே ஐந்து மடங்கு. நிமிர்த்திப் பிடித்த கைபேசியில் ஸ்டீரியோ கேட்க அது போதும்.